கழுத்திலிருந்து தொடங்குங்கள்: மன்னார்க் கரையோர மாதர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, எருக்கலம்பிட்டி, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, முள்ளிக்குளம் என்று கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர்களின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துச் சகோதரிகளே,

ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். அடுத்த முறை உங்கள் சங்கத்துக்குக் கைத்தொழில் பயிற்சி என்று ஏதாவது வரும்போது, தையல் மெசினுக்கும் கேக் ஐசிங்குக்கும் முன்னால் நிற்றிங்கைக் கேளுங்கள். அதிலும் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று நாலு துண்டாகப் பின்னிப் பிறகு தைத்துச் சேர்க்கும் சுவெற்றர் வேண்டாம் என்று சொல்லுங்கள். கழுத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கி, எந்த இடத்திலும் ஒரு தையல்கூட இல்லாமல் முடியும் தளர்வான சுவெற்றரைக் கேளுங்கள். அதைக் கற்றுக்கொள்ள உங்களைவிடத் தகுதியான கைகள் இந்த நாட்டில் இல்லை என்பது என் நம்பிக்கை.

"இந்த வெக்கைக்குள்ள சுவெற்றர் ஆருக்கு ரீச்சர்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பங்குனி, சித்திரையில் மன்னார்ப் பட்டினத்துக் கழுதைகள்கூடச் சுவர் நிழல் தேடி ஒதுங்கி நிற்கும். ஆனால் கரையில் நிற்பவரின் உடம்பை வைத்துக் கடலில் இருப்பவரின் குளிரை அளக்க முடியாது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழும்பியபின் இரவுத் தொழிலுக்குப் போகிறவர், நனைந்த உடம்போடு காற்றுக்கு முகம் கொடுத்து விடியும்வரை இருக்கிறார். அவர் போட்டிருப்பது ஒரு பழைய பருத்திச் சட்டை. பருத்தி தண்ணீரைக் குடித்துப் பாரமாகி, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். குளிர்நாட்டு மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கம்பளி உடுத்ததற்கு அதுதான் காரணம்.

இன்னொரு பெருங்கூட்டமும் இருக்கிறது. நம்மில் அநேகருக்கு ஒரு மகனோ, தங்கையோ, பெறாமகளோ லண்டனில், ரொறன்ரோவில், சூரிச்சில், ஒஸ்லோவில் இருக்கிறார்கள். நோர்வேக்கும் நம் வடபகுதிக் கரைகளுக்கும் உள்ள உறவு மீனில் தொடங்கியது என்பதை இன்றைய பிள்ளைகள் அறியார்கள். யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வேக்குப் போய் அங்கே கடற்றொழில் பழகினார். நோர்வே போன முதல் தமிழர் என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய முயற்சியால் 1967 இல் வந்ததுதான் சீநோர் நிறுவனம். காரைநகரில் வள்ளமும் குருநகரில் வலையும் செய்த அந்தச் சீநோரை உங்கள் தகப்பன்மார் அறிவார்கள். அவர் திறந்த வழியால் நம் இளைஞர்கள் படிக்கப் போனார்கள். 1983 க்குப் பிறகு அகதிகளாகவும் போனார்கள். போனவர்களில் பலர் நோர்வேயின் வடமுனையில், மாரியில் வாரக்கணக்காகச் சூரியனே எழும்பாத பின்மார்க் மாகாணத்து மீன்பிடி ஊர்களில், மீன் வெட்டும் தொழிற்சாலைகளில் நின்று உழைத்தார்கள். நம் கரையிலிருந்து அவர்களுக்குக் கருவாடு போகிறது, பனாட்டு போகிறது, மிளகாய்த்தூள் போகிறது. உடம்பில் போடும்படியாக நாம் செய்த ஒன்றும் போவதில்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டத்தை நினைவூட்டுவது என் கடமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து நம் கரையில் இறங்கி, மன்னார்க் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போன தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் இன்று மலைநாட்டில் இருக்கிறார்கள். அந்த வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மறுபடியும் நடந்தார்கள். நீங்களும் தெருவில் நின்று தண்ணீர் கொடுத்திருப்பீர்கள். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவில் தை மாதத்து விடியலில் சில நாள் புல்லில் உறைபனி படியும். அந்தக் குளிரில் கொழுந்தெடுக்கப் போகிற பெண்ணுக்கும் லயத்தில் படுத்திருக்கும் கிழவருக்கும் சுவெற்றர் அலங்காரம் அல்ல.

ஆகவே, ஆருக்கு என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. இனி, ஏன் நீங்கள் என்பதற்கு வருகிறேன்.

கடையில் வாங்காமல் வீச்சுவலையைத் தொடக்கத்திலிருந்து கையால் முடைந்த மூத்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய விரல்களைப் பாருங்கள். உச்சியில் ஒரு சிறு வளையமாக வேலை தொடங்கும். வலை ஊசியில் நூல் சுற்றியிருக்கும். இடது கையில் மூங்கிலில் சீவிய ஒரு அளவுக்கட்டை. அந்தக் கட்டையைச் சுற்றி நூலை எடுத்து முடிச்சுப் போட்டால் ஒரு கண். கட்டை மாறாதவரை கண்ணின் அளவும் மாறாது. ஒரு சுற்று முடிந்ததும் அதற்குக் கீழே அடுத்த சுற்று. சில சுற்றுக்கு ஒருமுறை, குறித்த இடங்களில் மட்டும், இரண்டு கண்ணுக்கு நடுவில் மேலதிகமாக ஒரு கண்ணைத் தொங்க விடுவார். அப்படிக் கூட்டும் இடங்கள் உச்சியிலிருந்து விளிம்புவரை கோடு கோடாக இறங்கும். அந்தக் கூட்டல்தான் வலையை அகலிக்கச் செய்கிறது. வெட்டவும் இல்லை, தைக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை. கடைசியில் ஈயமணி கட்டி, தோளில் போட்டு வீசினால் கடலில் வட்டமாக விழும். கூட்டிய இடம் பிழைத்தால் வட்டம் கோணும். வீசிய அந்த நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

நான் சொல்லும் சுவெற்றரின் கணக்கும் அதே கணக்குத்தான். கழுத்து ஒரு சிறு வட்டம். அதிலிருந்து நாலு கோடுகள் தோள்மீது சரிந்து கமக்கட்டுவரை இறங்குகின்றன. அந்தக் கோடுகளின் இரு பக்கத்திலும் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் தோள் தானாக விரியும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. தைத்துச் சேர்க்கும் சுவெற்றரைப் படித்த பெண்ணுக்கு ஒரு துண்டாக நினைப்பதே கடினமாக இருக்கும். உங்களுக்கு அது இருக்காது; சின்ன வயதிலிருந்தே வாடியில் கண்ட காட்சி அது.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சு. றோலர் படகு ஒரு பக்கத்தை அறுத்துக்கொண்டு போனாலும் மற்றப் பக்கம் நிற்கும். நிற்றிங்கில் முடிச்சே இல்லை. ஒரு கண்ணிக்குள்ளால் அடுத்த கண்ணியை இழுத்தெடுப்பது மட்டுமே. அதனால்தான் துணி இழுபடுகிறது, உடம்போடு அசைகிறது. அதனாலேயே ஊசியிலிருந்து நழுவும் ஒரு கண்ணி ஏணி இறங்குவதுபோல் கீழே ஓடிவிடும். முதல் மாதத்தில் எல்லாருக்கும் இது நடக்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு குறோசெற் ஊசியால் அதைப் படிப்படியாக மேலே ஏற்றிவிடலாம். வலை பொத்தத் தெரிந்தவளுக்கு அது ஒரு வேலையே அல்ல.

இப்போது கணக்கு. கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்பளவு 38 அங்குலம் உள்ள ஒருவருக்குப் பின்னுகிறோம் என்று வையுங்கள். தளர்வுக்காக 6 அங்குலம் கூட்டினால் 44. நடுத்தரப் பருமனான நூலை 4 மில்லிமீற்றர் ஊசியில் பின்னும்போது பலருடைய கைக்கும் அங்குலத்துக்கு 5 கண்ணி அளவில் வரும். 44 ஐ 5 ஆல் பெருக்கினால் 220. மற்ற எல்லா எண்களும் இந்த 220 இலிருந்துதான் பிறக்கின்றன. இப்படி உடம்பின் கண்ணிகளை நூறு வீதமாக வைத்துக் கழுத்து, கை, மணிக்கட்டு எல்லாவற்றையும் அதன் வீதங்களாகச் சொல்லும் முறையைப் பரப்பியவர் எலிசபெத் சிம்மர்மன் என்ற பெண்மணி. 1910 இல் இங்கிலாந்தில் பிறந்து, 1937 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். தைத்துச் சேர்ப்பதை வாழ்நாள் முழுக்க எதிர்த்து எழுதியவர். 1971 இல் வந்த அவருடைய 'நிற்றிங் விதவுட் ரியர்ஸ்' இன்றும் வாசிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டிலேயே பார்பரா வோக்கர் என்ற இன்னொருவர் கழுத்திலிருந்து கீழே பின்னும் முறைக்கென்று தனிப் புத்தகம் எழுதினார்.

கழுத்துக்கு 220 இல் 40 வீதம், அதாவது 88 கண்ணி. தலை நுழைய வேண்டும் என்பதால் இறுக்காமல், கையை இலேசாக வைத்துப் போடுங்கள். வட்டமாகச் சேர்த்து ஒரு அங்குலம் பட்டி பின்னியபின் 88 ஐப் பிரியுங்கள்: முன்பக்கத்துக்கு 36, பின்பக்கத்துக்கு 36, தோளுக்கு ஒரு பக்கத்தில் 8, மறுபக்கத்தில் 8. பிரியும் நாலு இடத்திலும் ஒரு நிற நூலைக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கூட்டினால் ஒரு சுற்றில் 8 கண்ணி கூடும். அடுத்த சுற்று வெறும் சுற்று. இப்படி 28 தடவை கூட்டினால் முன்பக்கம் 92, பின்பக்கம் 92, ஒவ்வொரு தோளும் 64, மொத்தம் 312. உயரம் சுமார் 8 அங்குலம் வந்திருக்கும். கூட்டாமல் இன்னும் ஒரு அங்குலம் பின்னுங்கள்.

இனித்தான் கை பிரியும் இடம். தோளின் 64 கண்ணிகளையும் ஒரு நூலில் கோத்து ஓய வையுங்கள். கமக்கட்டுக்குக் கீழே புதிதாக 18 கண்ணி போட்டு முன்னையும் பின்னையும் இணையுங்கள். மறுபக்கமும் அப்படியே. 92, 18, 92, 18. கூட்டிப் பாருங்கள், 220 வந்துவிட்டது. அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்கு வரும் சந்தோசத்தை உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. நீங்களே பின்னி அங்கே வந்து சேர வேண்டும். அதன்பிறகு 15 அங்குலம் ஒரே நேராகச் சுற்றிக்கொண்டு போவதுதான். பேசிக்கொண்டும் பின்னலாம், அடுப்பில் சோறு வேகும்போதும் பின்னலாம். கடைசி 2 அங்குலம் பட்டி. பிறகு ஓய்ந்திருந்த 64 ஐ எடுத்து, கமக்கட்டின் 18 உடன் சேர்த்து 82 ஆக்கிக் கையைப் பின்னுங்கள். ஆறு சுற்றுக்கு ஒருமுறை இரண்டு கண்ணி குறைத்துக்கொண்டு வந்தால் 19 தடவையில் 44 ஆகும். அது மணிக்கட்டு.

உடம்புக்கு நடுவில் வயர் ஓடும் வட்ட ஊசி வேண்டும். கைக்கு, இருபக்கமும் கூரான ஐந்து ஊசி கொண்ட ஒரு செற். செலவு அவ்வளவுதான்.

தொடங்குமுன் அளவுத் துண்டு பின்னாமல் ஒருவரையும் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வலையில் அளவுக்கட்டை கண்ணைக் காவல் காக்கிறது. இங்கே காவல் உங்கள் கையின் இறுக்கம் மட்டும்தான், அது ஆளுக்கு ஆள் மாறும். அங்குலத்துக்கு 5 வர வேண்டிய இடத்தில் ஐந்தரை வந்தால் அதே 220 கண்ணி 44 அங்குலமாக வராது, 40 தான் வரும். தளர்வுக்கென்று விட்ட ஆறில் நாலு அங்குலம் ஆருக்கும் தெரியாமல் காணாமல் போய்விடும். துண்டையும் வட்டமாகவே பின்னுங்கள். தட்டையாகப் பின்னும் கை வேறு, சுற்றிப் பின்னும் கை வேறு. பின்னி, கழுவி, காயவிட்டு, பிறகு அளந்து பாருங்கள்.

தளர்வைப்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வேண்டுகோளின் பாதி அதில் இருக்கிறது. உடம்போடு ஒட்டிய சுவெற்றரை ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பின்ன முடியும். நாம் பின்னுவது கண்ணுக்கு முன்னால் இல்லாதவர்களுக்கு. போன வருசத்து வீடியோ கோலில் பார்த்த பெறாமகன் இந்த வருசம் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பான். ஆறு அங்குலத் தளர்வு அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். அதற்குள்ளே ஒரு சட்டையும் போடலாம். உங்களுக்கு அளவு வேண்டுமானால் உடம்பை அளக்கச் சொல்லாதீர்கள். அவர்களுக்குப் பிடித்த ஒரு சட்டையை மேசையில் விரித்து, கமக்கட்டிலிருந்து கமக்கட்டுவரை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் உங்களுக்கு வேண்டிய எண். ஆள் ஊரிலேயே இருந்தால் இன்னும் நல்லது. கழுத்திலிருந்து இறங்கும் சுவெற்றரைப் பாதியிலேயே நூலுக்கு மாற்றித் தலைவழியாகப் போட்டுப் பார்க்கலாம். நீளம் போதுமா, கை சரியா என்று அவரே சொல்வார். துண்டு துண்டாகப் பின்னினால், தைத்து முடிக்கும்வரை ஒன்றும் தெரியாது.

ஆனால் படகுக்குப் போகிறவருக்குத் தளர்வு உடம்பில் மட்டும். மணிக்கட்டுப் பட்டி இறுக்கமாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். தொங்கும் கை எஞ்சினிலோ தூண்டிலிலோ மாட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்துக் கரைகளின் மீனவர்கள் போட்ட கான்சி என்ற சுவெற்றரை இந்த இடத்தில் பார்க்க வேண்டும். அதையும் பெண்கள் ஐந்து இரும்பூசியில், தையல் இல்லாமல், சுற்றிச் சுற்றித்தான் பின்னினார்கள். காற்று நுழையாமல் நெருக்கமாக, உடம்போடு ஒட்டினாற்போல் இருக்கும். ஆனால் வலை இழுக்கும் கை தாராளமாக உயர வேண்டுமே? அதற்காகக் கமக்கட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டைச் சேர்த்தே பின்னிவிடுவார்கள். நாம் கமக்கட்டில் போடும் 18 கண்ணியும் தளர்வும் அந்த வேலையைச் செய்கின்றன. ஹெரிங் மீன் காலத்தில் ஸ்கொட்லாந்துப் பெண்கள் துறைமுகம் துறைமுகமாகத் தெற்கே யாமத்வரை போய் மீன் வெட்டி உப்பிட்டார்கள். வேலை இல்லாத நேரத்தில் நடந்தபடியே பின்னினார்கள். கருவாட்டுக்கு மீன் வெட்டும் நம் கைகளும் அவர்களுடைய கைகளும் ஒரே உழைப்பை அறிந்தவை.

அந்தக் கான்சியின் கையும் தோளிலிருந்து மணிக்கட்டை நோக்கித்தான் இறங்கும். ஒரு சுவெற்றர் முதலில் தேயும் இடம் மணிக்கட்டும் கீழ்ப் பட்டியும். மேலிருந்து கீழே பின்னியதென்றால் தேய்ந்த பட்டியை மட்டும் உருவிவிட்டு, புது நூலில் மறுபடி பின்னலாம். பிள்ளை வளர்ந்தால் இரண்டு அங்குலம் நீட்டலாம். தைத்துச் சேர்த்ததில் முதலில் தையலைப் பிரிக்க வேண்டும். கீழிருந்து மேலே பின்னியதென்றால் அந்தப் பக்கமிருந்து நூல் ஒழுங்காக உருவியும் வராது. கிழிந்ததை எறியாமல் பொத்தி மறுபடி கடலுக்கு அனுப்பும் பழக்கம் உள்ள நமக்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

நூலைப்பற்றி: நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். விலை குறைவு, மெசினில் தோய்க்கலாம், பழகுவதற்கு நல்லது, பச்சைக் குழந்தையின் தொப்பிக்கும் சரி. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கக் கூடாது. படகுக்கும் பின்மார்க்குக்கும் உண்மையான கம்பளிதான் வேண்டும். நான் சொன்ன அளவுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் போகும். நம்மிடம் அந்த நூல் இல்லை, அவர்களிடம் இருக்கிறது. ஊருக்கு வரும் உறவினர் சொக்லேற் கொண்டுவருகிற பையில் நூல் கொண்டுவரட்டும். திரும்பும்போது சுவெற்றரைக் கொண்டுபோகட்டும்.

அடுத்தது கூலி. இதில் தயவுசெய்து உறுதியாக நில்லுங்கள். மேலே சொன்ன சுவெற்றரில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 20 கண்ணி பின்னுகிறவள் இடைவிடாமல் பின்னினாலும் 43 மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரத்தை ஒரு நாளாக எடுத்தால் ஐந்தரை நாள் கூலி, அதற்கு மேலே நூல் விலை. இதற்குக் குறைத்து ஒருவருக்கும் விற்காதீர்கள். "சும்மா இருக்கிற நேரத்திலதானே பின்னுறீங்கள்" என்று யாராவது விலை பேசினால், கரையோரப் பெண்ணுக்குச் சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று இல்லை என்று சொல்லுங்கள். இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையில், பொல்பெரோ போன்ற ஊர்களில், மீனவப் பெண்கள் கான்சிச் சுவெற்றர்களை வியாபாரிகளுக்காகச் சொற்பக் கூலிக்குப் பின்னிக் கொடுத்தார்கள். கடலோரப் பெண்ணின் கைவேலையை இடையில் நிற்பவன் கொண்டுபோவது அங்கேயும் நடந்த கதைதான். உறவுக்குச் சும்மா கொடுப்பது வேறு. அதை மனமுவந்து கொடுங்கள். விற்பதென்றால் சங்கத்தின் பெயரில், நீங்களே குறித்த விலைக்கு விற்றுக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளுக்கு நம் பிள்ளைகள் விடியமுன் பஸ் ஏறுகிறார்கள். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பல வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனாலும் நாள் முழுக்க ஒரே ஒரு கைப்பட்டியைத் தைத்துத் தள்ளும் பிள்ளை, முழு உடுப்பு எப்படி உருவாகிறது என்பதைக் காண்பதில்லை. தையலே இல்லாமல் முழு உடுப்பையும் பின்னும் மெசினை ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் 1995 இல் உலகத்துக்குக் காட்டியது. அதை வாங்கும் வசதி நமக்கு இல்லை. மெசின் செய்யும் அதே உடுப்பை, இரண்டு ஊசியும் ஒரு வயரும் கொண்டு தலைமன்னார்த் துறையடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணால் முழுசாகச் செய்ய முடியும். அந்த அறிவு அவள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இதைத் தனித்தனி ஊராகத் தொடங்காதீர்கள். 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் மன்னார்த் தீவின் மற்ற ஊர்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகள் புத்தளத்தில் ஒரு தலைமுறைக் காலம் இருந்து திரும்பியிருக்கிறார்கள். நாம் பட்டவை வேறு வேறு. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்கு அது தடையாக இருக்கத் தேவையில்லை. பேசாலைக்காரி கழுத்தைத் தொடங்கட்டும், எருக்கலம்பிட்டிக்காரி தோளை இறக்கட்டும், வங்காலைக்காரி கையை முடிக்கட்டும். ஒருவர் கை இறுக்கம், ஒருவர் கை தளர்வு என்பது முதல் சுவெற்றரில் அப்படியே தெரியும். தெரியட்டும், அதைப் படகுக்குப் போகிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இரண்டாவதிலிருந்து ஆளுக்கு ஒன்றாகப் பின்னலாம்.

ஐப்பசியில் சோளகம் அடங்கியபின் உங்கள் சங்கக் கூட்டத்தில் இந்த மடலை ஒருவர் வாசியுங்கள். ஊருக்கு ஐந்து பேர் பெயர் கொடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு, வீச்சுவலையை உச்சியிலிருந்து முடையத் தெரிந்த ஒரு மூத்தவரையும் அழையுங்கள். கடை வலை வந்தபிறகு அவரிடம் எவரும் அதைக் கேட்பதில்லை. முதல் பாடத்தை அவரே எடுக்கட்டும்: வளையம் போடுவது எப்படி, கண்ணை எந்த இடத்தில் கூட்டுவது, கூட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நூலிலேயே காட்டட்டும். அடுத்த நாள் ஊசியோடு நான் வருகிறேன். பஸ் செலவும் சாப்பாடும் என்னுடையது. நீங்கள் நாளை மட்டும் குறித்து அனுப்புங்கள்.

அன்புடன்,
மன்னாரிலிருந்து ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை ஒருத்தி